உன் நைனா வாயில் விட்ட தண்ணீர்

மகனே,

சுகமா என்று கேட்டுத் தொடங்க மாட்டேன். நீ சுகமாக இருப்பதைப் போன வாரம் உன் பள்ளிக்கூட விழா மேடையிலேயே பார்த்துவிட்டேன். இஸ்திரி போட்ட ஜிப்பா, தோளில் துண்டு, பேசுவதற்கு முன்னால் மைக்கை ஒரு தட்டு. பெண்கள் பக்கம் போட்டிருந்த பெஞ்சில் உன் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீதான் ஆள் அனுப்பி, நைனாவைப் பற்றிப் பேசப் போகிறேன், அம்மா அவசியம் வரவேண்டும் என்று சொல்லியிருந்தாய். வந்தேன், கேட்டேன். பந்தலே கை தட்டியது. நான் தட்டவில்லை. அது உனக்குத் தெரிந்திருக்காது. மேடையில் நிற்கிறவர்களுக்குத் தட்டுகிற கைதான் கண்ணில் படும்.

எல்லா மதமும் ஒரே மலை உச்சிக்குப் போகிற வெவ்வேறு பாதைகள் என்றாய். அதற்குச் சாட்சியாக உன் நைனாவின் சாவை எடுத்து வைத்தாய். ஒரு சமணர் உயிர் விடுகிற நேரத்தில் அவருடைய இந்து நண்பர் காசித் தீர்த்தத்தை வாயில் விட்டார், அவர் ஆனந்தக் கண்ணீரோடு அதைப் பருகிக் கண் மூடினார், அந்த ஒரு மடக்கில் இரண்டு மதமும் கலந்து ஒன்றாகிவிட்டன என்று சொன்னாய். சொல்லும்போது உன் குரல் தழுதழுத்தது. தலைமை தாங்க வந்த பெரியவர் எழுந்து உனக்கு மாலை போட்டார். குதிரை வண்டியில் உன் வீட்டுக்குத் திரும்பி வரும்போது உன் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு மெதுவாக, "ஆயா, தாத்தா கடைசியில தண்ணி குடிச்சாரா?" என்று கேட்டாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் அவளுடைய நைனா பொய் சொன்னான் என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் உனக்கு எழுதுகிறேன். உன் பேச்சைப் பள்ளிக்கூட மலரில் அச்சடிக்கப் போகிறார்கள் என்று உன் பெண்டாட்டி கோமதி சொன்னாள். அதே மலரில் அதற்குப் பக்கத்திலேயே இதையும் போடு. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள். சேதியைத் திருத்தாதே.

மலரைப் படிக்கிறவர்களில் எங்கள் ஜனம் அல்லாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் சமணர், நயினார் வீடு. விளக்கு வைத்த பிறகு சாப்பிட மாட்டோம். வெங்காயம், கிழங்கு வீட்டுக்குள் வராது. குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம், அதில் கண்ணுக்குத் தெரியாத உயிர் இருக்கிறது என்பதால். உன் நைனா அவலூர்பேட்டைச் சந்தைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு போகும்போதும் இடுப்பில் ஒரு வெள்ளைத் துணி மடித்துச் செருகியிருப்பார். கிணற்றடியில் அவர் வடிகட்டுவதைப் பார்த்து மற்ற வியாபாரிகள், "நயினாரே, இன்னா மீனு புடிக்கிறீங்களா?" என்று கேலி செய்வார்களாம். இவர் துணியைத் திருப்பி அதே கிணற்றில் அலசிக்கொண்டே, "புடிக்கல, திரும்ப உட்டுடறேன்" என்பாராம். இதை அவரே வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிப்பார். ஒரு நாளும் வடிகட்டாத தண்ணீர் அவர் தொண்டையில் இறங்கியதில்லை. அவர் வாயில்தான், மகனே, நீ சொல்கிற அந்த ஒரு மடக்கு.

நீ சொன்ன அந்த இந்து நண்பர் ஏகாம்பரம் அண்ணனையும் சொல்லியாக வேண்டும். நம் வீட்டுக்கு அடுத்த வீடு. நைனாவோடு சின்ன வயசிலிருந்து சேர்ந்து, பிறகு மல்லாட்டை வியாபாரத்திலும் கூட்டாக இருந்தவர். சனிக்கிழமை தவறாமல் சிங்கவரம் மலை மேலே ரங்கநாதரைப் பார்க்கப் போவார். உன் நைனா அதே வழியில் இருக்கிற குன்றுக்குப் போவார், பாறையில் தீர்த்தங்கரர்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிற அந்தக் குன்றுக்கு. இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். வழி நெடுகச் சண்டை. உலகத்தைப் படைத்தவன் ஒருவன் இல்லாமல் மல்லாட்டை எப்படி முளைக்கிறது என்று அவர் கேட்பார். படைத்தவனை யார் படைத்தது, அதைச் சொல் முதலில் என்று இவர் கேட்பார். குன்றுக்குத் திரும்புகிற இடம் வந்ததும் ஒருவர் இந்தப் பக்கம் போவார், மற்றவர் நேரே போவார். திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து மறுபடி சண்டை. கத்தல் தெருமுனையிலேயே கேட்கும், நான் அவருக்கும் சேர்த்து அடுப்பில் பருப்பைக் கூட்டி வைப்பேன். சாமி உண்டு, இல்லை என்று அத்தனை வருஷம் சண்டை போட்டவர்கள் ஒரு நாளாவது, சரி விடு, இரண்டும் ஒன்றுதான் என்று முடித்ததில்லை. முடித்திருந்தால் அடுத்த சனிக்கிழமை பேச அவர்களுக்கு என்ன இருந்திருக்கும்?

நீ சொன்ன அந்த ஒரே மலை எங்கே இருக்கிறது? செஞ்சியில் பிறந்தவன் நீ. உனக்கு மலைக்கா பஞ்சம்? ராஜகிரியில் மூச்சு வாங்க ஏறினவன் உச்சியில் போய் நின்றால் கிருஷ்ணகிரியை எதிரே பார்க்கலாம். அங்கே நிற்க முடியாது. அதற்கு இறங்கி வந்து மறுபடி ஏற வேண்டும். உன் நைனாவும் ஏகாம்பரம் அண்ணனும் ஒரே பாதையில்தான் நடந்தார்கள். போன இடம்தான் வேறு. நீ அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

இந்த வழக்கம் உனக்கு நேற்று வந்ததில்லை. நம் ஜனம் அல்லாத கோமதியைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது நைனா தடுக்கவில்லை. நான் தடுத்தேன், நீ கேட்கவில்லை, அது முடிந்த கதை. ஆனால் கல்யாண விருந்து எனக்கு முடியவில்லை. பொழுது சாய்வதற்குள் எங்களுக்கு மட்டும் ஒரு பந்தி போட்டுவிடு என்று உன்னிடம் சொன்னேன். சரி என்றாய். அவர்கள் பக்கத்து ஆட்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வந்தார்கள், மேளம் தாமதமானது, விளக்கு ஏற்றின பிறகுதான் இலை போட்டீர்கள். நீயே வந்து எங்களைக் கூப்பிட்டாய். "ஒரு நாள்தானேம்மா, எந்தச் சாமி கோவிச்சுக்கப் போவுது?" என்றாய். உன் நைனா பிள்ளைக்கும் பெண்ணுக்கும் கையெடுத்து வாழ்த்துச் சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மகன் கல்யாணத்தில் பட்டினியாகத் திரும்பி வந்தவர்கள் நாங்கள். எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது என்பது எங்களுக்கும் தெரியும். எங்கள் சாமி கோபிக்கிற சாமியே இல்லை. நாங்கள் சாமிக்குப் பயந்து பட்டினி கிடக்கிறோம் என்று, எங்கள் வயிற்றில் பிறந்த நீயே நினைத்துக்கொண்டிருந்தாய். மற்றவர்களை என்ன சொல்வது?

இனி அந்தச் சாவைச் சொல்கிறேன். நீ மறந்ததை மட்டும் சொல்கிறேன். நீ மறக்காததைத்தான் மேடையில் சொல்லிவிட்டாயே.

நைனாவுக்கு வயிற்றில் கட்டி. வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். கத்தி வைத்தாலும் பயன் இல்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்றார்கள். வந்து சில நாள் போனது. பிறகு ஒரு காலையில் குளித்துவிட்டு, கோயிலில் பூசை செய்கிற உபாத்தியாயரை வரச் சொன்னார். நம் குன்றின் பாறையில் எந்தக் காலத்திலோ ஒரு முனிவர் உண்ணாமல் இருந்து உயிர் விட்டதை எழுத்தாக வெட்டி வைத்திருக்கிறார்கள், உனக்குத் தெரியும், சின்ன வயசில் உன் விரலைப் பிடித்து அந்த எழுத்தின் மேல் வைத்துக் காட்டினவர் அவர்தான். தன்னால் முடிந்த அளவுக்கு அப்படிப் போக வேண்டும் என்றார். உபாத்தியாயர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. வலி தாங்காமல் கேட்கிறாரா, தெளிந்து கேட்கிறாரா என்று திரும்பத் திரும்ப வந்து பார்த்தார். வீட்டார் சம்மதம் வேண்டும் என்றார். என்னைக் கேட்டார். சரி என்றேன். உன்னைக் கேட்டார். நீ தலையாட்டினாய். யாரும் உன் கழுத்தைப் பிடித்து ஆட்டவில்லை. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் உன் மேல் எனக்கு இந்த வன்மம் இருந்திருக்காது.

முதலில் சோற்றை விட்டார். பிறகு கஞ்சி, பிறகு பால், பிறகு மோர், கடைசியில் வெறும் வெந்நீர். இப்படித்தான் படிப்படியாக இறங்க வேண்டும். அந்த வெந்நீரையும் விடுகிற அன்றைக்கு எல்லோரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். வண்டிக்காரனைக் கேட்டார், என்னைக் கேட்டார், உன்னைக் கேட்டார். ஏகாம்பரம் அண்ணன் வந்து நின்றபோது கை கூப்பி, "தெரிஞ்சும் தெரியாமலும் எதுனா பண்ணியிருந்தா பொறுத்துக்கடா" என்றார். "உன்னைப் பொறுத்துக்குவேன். நீ பண்ற இந்த வேலையைப் பொறுத்துக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வெளியே போனார். உன் நைனா சிரித்தார். கடைசியாக அவர் சிரித்தது அதுதான்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். கண் மூடியிருக்கும், மூச்சு நூல் மாதிரி இருக்கும், உதடு நிற்காது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனிதர் தான் நினைத்த இடத்துக்குத் தன் காலாலேயே நடந்து போகிறார் என்று ஒரு திடம் இருந்தது. உச்சிப் பொழுதில் அவர் வேட்டியை அலசிப் போட்டு வரலாம் என்று கொல்லைக்குப் போனேன். அலசிப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

ஏகாம்பரம் அண்ணன் கையில் ஒரு சின்னச் செம்பு இருந்தது. அவருடைய அப்பா காசிக்குப் போய்க் கொண்டுவந்து, ஈயம் வைத்து வாயை அடைத்தபடி அவர்கள் வீட்டுப் பூசை மாடத்தில் எத்தனையோ காலமாக இருந்த கங்கைச் செம்பு. தன் கடைசி மூச்சுக்கென்று அவர் வைத்திருந்தது. அதை உடைத்துக் கொண்டுவந்திருந்தார். உன் கை நைனாவின் தாடைக்குக் கீழே இருந்தது. அவர் மார்பு நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார்.

இன்னாடா பண்ணீங்க என்று கேட்டேன். அப்போது நீங்கள் இரண்டு பேரும் சொன்ன பதிலை இங்கே எழுதுகிறேன். ஒரு சொல்கூட என்னுடையது இல்லை.

நீ சொன்னாய்: "ரெண்டு சொட்டுதாம்மா. தீர்த்தம்தானே. எல்லாச் சாமியும் ஒண்ணுதானேம்மா."

அவர் சொன்னார்: "தங்கச்சி, உங்க தர்மத்துக்கு இது தப்புன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பண்ணேன். தாகத்தோட போற உயிரு அலையும்னு எங்க வீட்ல சொல்லி வளர்த்திருக்காங்க. அவன் அலையறதை என்னால நெனைச்சுக்கூடப் பாக்க முடியல. பாவம் வந்தா என் தலையில வரட்டும்."

அவர் என் காலில் விழுந்து அழவில்லை. நியாயம் பேசவும் இல்லை. செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, நான் அடித்தால் வாங்கிக்கொள்கிற மாதிரி நின்றார். நீயோ கையைத் துடைத்துக்கொண்டாய்.

நைனாவின் உதடு நின்றுபோயிருந்தது. நான் காதோடு காதாக மந்திரத்தை எடுத்துக் கொடுத்தேன். அசையவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் விடியும் வரைக்கும் மூச்சு இருந்தது, உதடு அசையவே இல்லை. கண்ணோரம் ஈரம் இருந்தது உண்மைதான். நான்தான் துடைத்தேன். அதற்கு ஆனந்தம் என்று பேர் வைத்தவன் நீ. கல்யாணமான நாளிலிருந்து பார்த்த முகம் அது, அதில் ஆனந்தம் எப்படி வரும் என்று எனக்குத் தெரியாதா?

காரியமெல்லாம் முடிந்த பிறகு உபாத்தியாயரிடம் போய்க் கேட்டேன். பிறர் பலவந்தமாக ஊற்றினது விரதத்தைக் கெடுக்காது, அவர் மனசு எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி என்றார். நல்லதாகத்தான் சொன்னார். அதுதான் என்னை அரிக்கிறது. அந்தத் தண்ணீர் நாக்கில் பட்டபோது வேண்டாம் என்று நினைத்தாரா? இல்லை, வறண்டு கிடந்த தொண்டை, இன்னும் கொஞ்சம் கிடைக்காதா என்று ஒரு கணம் ஏங்கிவிட்டதா? அந்த ஏக்கம் வராமல் போவதற்குத்தானே அவர் சோற்றை விட்டார், பாலை விட்டார், வெந்நீரை விட்டார். ஏங்கியிருந்தால் அந்த ஏக்கத்தோடு எங்கே போய்ப் பிறந்திருப்பார்? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியே இல்லாத ஒரு கேள்வியை என் தலையில் கட்டிவிட்டு, நீ அதை ஒற்றுமை என்கிறாய்.

யோசித்துப் பார். ஏகாம்பரம் அண்ணன் நம்பினது சரி என்றால், அந்தத் தண்ணீர் உன் நைனாவை அலையாமல் காப்பாற்றியது. நாங்கள் நம்புவது சரி என்றால், அவர் கடைசிப் படியில் கால் வைக்கிறபோது பின்னாலிருந்து பிடித்து இழுத்தது. ஒரே தண்ணீர் ஒரே வாயில் இரண்டையும் செய்ய முடியாது. இரண்டு பேரில் ஒருவர் ஏமாந்திருக்கிறோம். இரண்டு பேருமே ஏமாந்திருக்கலாம் என்று கறுப்புச் சட்டைக்காரர்கள் சொல்வார்கள், அதையாவது காது கொடுத்துக் கேட்கலாம். இரண்டு பேர் சொல்வதும் சரி என்பது மட்டும் எனக்குப் புரிவதே இல்லை. ஏகாம்பரம் அண்ணன் எங்களைத் தப்பு என்று நினைத்தார். அப்படி நினைப்பதற்கு நாங்கள் என்ன நம்புகிறோம் என்று அவர் தெரிந்து வைத்திருந்தார். நீ எங்களைச் சரி என்கிறாய், எதில் சரி என்று கேட்டால் உனக்குச் சொல்லத் தெரியாது.

கோமதியைப் பார். அவள் வந்த புதிதில் எனக்கு அவளைப் பிடிக்காது, அது ஊருக்கே தெரியும். நீங்கள் திண்டிவனத்துக்கு மாற்றலாகிப் போவதற்கு முன்னால், நைனா போன பிறகு வந்த ஒரு அமாவாசையில், கொல்லைச் சுவரில் இலை போட்டுக் காக்கைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். யாருக்கு என்றேன். மாமாவுக்கு என்றாள். அவர் பசியோடு எங்கேயும் உட்கார்ந்திருக்கவில்லை, வேறு பிறவி எடுத்துப் போயாகிவிட்டது, எங்களில் இந்த வழக்கம் கிடையாது என்று கத்தினேன். அவள் அசையவில்லை. "போயிருந்தா நல்லது அத்தே. போவாம இருந்தா?" என்றாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "போவாம இருந்தாலும் வெங்காயம் போட்ட கொழம்பை அவர் தொடுவாராடி?" என்று கேட்டேன். அவள் இலையைப் பார்த்தாள். எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று இருந்தேன். அடுத்த அமாவாசைக்கு வெங்காயம் போடாமல் தனியாக ஒரு குழம்பு வைத்து, தண்ணீரையும் வடிகட்டி, பொழுது இருக்கும்போதே காக்கைக்கு வைத்தாள். அதற்கு மேல் என்ன சண்டை போடுவது? இன்றைக்கும் அவள் செய்வது தப்பு என்றுதான் சொல்கிறேன். இன்றைக்கும் அவள் வைத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

ஏகாம்பரம் அண்ணன் போனதை நீ மேடையில் சொல்லவில்லை. நீ அங்கே இல்லை. இந்தி வேண்டாம் என்று மாணவர்கள் மறியல் செய்து பஸ் ஓடாமல் இருந்த சமயம். அவர் பிள்ளைகள் நெய்வேலியில் மாட்டிக்கொண்டார்கள். அண்ணி முன்னமே போய்விட்டாள். பால்காரி வந்து, பெரியவர் உங்களைத்தான் கூப்பிடுகிறார் என்றாள். அந்த உச்சிப் பொழுதுக்குப் பிறகு நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. வெயிலில் அலைந்து வந்தாரானால் மோர் மட்டும் கொடுத்தனுப்புவேன், அதுவும் பேசாமல். போனேன். கட்டிலில் கிடந்தார். பூசை மாடத்தில் அந்தச் செம்பு இருந்த இடம் காலியாக இருந்தது.

"தங்கச்சி, என்னை மன்னிச்சிட்டியா?" என்றார்.

இல்லை என்றேன்.

"அதான் உன்னைக் கூப்பிட்டேன். நீ பொய் சொல்ல மாட்டே" என்றார். சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. பிறகு, வாயில் ஒரு வாய் தண்ணீர் விட யாரும் இல்லை, நீ விடு, நாராயணா என்று என் காதில் சொல்லு என்றார்.

எடுத்துக் கொடுக்கக் கங்கை இல்லை. அவர் வீட்டுக் குடத்தில் கிணற்றுத் தண்ணீர் இருந்தது. ஒரு சொம்பில் மொண்டு, துளசி மாடத்திலிருந்து நாலு இலை கிள்ளிப் போட்டேன். பழக்கத்தில் என் கை முந்தானையை எடுத்துச் சொம்பின் வாயில் வைத்துவிட்டது. வைத்தவள் நின்றேன். வடிகட்டினால் அது என் தண்ணீர் ஆகிவிடும். அவர் கேட்டது அவருடைய தண்ணீரை. முந்தானையை எடுத்துவிட்டு அப்படியே அவர் வாயில் விட்டேன். அதில் இருந்த உயிர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும், சொல்லிக்கொள்கிறேன். அவர் கேட்ட பெயரையும் காதில் சொன்னேன். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, இன்றைக்கும் கிடையாது. அந்தக் காது அவருடையது. அதற்கு வேண்டியதைச் சொன்னேன். அவர் கணக்குப்படி அவர் வைகுண்டத்தில் இருக்கிறார். என் கணக்குப்படி எங்கேயோ பிறந்து பால் குடித்துக்கொண்டிருக்கிறார். இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கும். மன்னிப்புக் கேட்டவருக்கு மன்னிக்கவில்லை என்று சொல்லித்தான் தண்ணீர் கொடுத்தேன், அதையும் நீ மாற்றி எழுதிவிடாதே.

இதையெல்லாம் இப்போது எதற்கு இழுக்கிறாள் என்று உனக்குத் தோன்றும். எனக்குக் கால் வீங்குகிறது. நடந்தால் மூச்சு முட்டுகிறது. ஆடி மாதம் கோமதி வந்து கூட இருந்தாளே, அப்போதே வைத்தியர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். நான் சாவைத் தேடிப் போகவில்லை, மருந்து தருகிற வரைக்கும் குடிப்பேன். ஆனால் இனி மருந்து இல்லை என்கிற ஒரு நாள் வரும். அன்றைக்கு உன் நைனா போன வழியில்தான் நானும் போவேன். அதை உபாத்தியாயரிடம் சொல்லிவைத்துவிட்டேன். வீட்டார் சம்மதம் என்று மறுபடி உன்னிடம் வருவார். நீ மறுபடி தலையாட்டுவாய். உனக்கு எதற்கும் தலையாட்ட வரும். நான் வாய் திறக்க முடியாமல் கிடக்கும்போது யாராவது ஒருவர் ஒரு கரண்டியோடு வந்து உன் பக்கத்தில் நிற்பார். அவருக்கும் நீ தலையாட்டுவாய். மேடைக்கு இன்னொரு கதை கிடைக்கும்.

ஆகவே ஆடி மாதத்திலேயே கோமதியைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். நான் தண்ணீரை விட்ட பிறகு என் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பாயா, யார் வந்தாலும் தடுப்பாயா என்று.  அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், முறத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்கு அது தப்புன்னுதான் தோணுது அத்தே," என்றாள். "தண்ணி குடுக்காம ஒருத்தரை அனுப்பறதை என்னால ஏத்துக்க முடியல. நீங்க போன பின்னால காக்காவுக்கு வைப்பேன், அதை நீங்க தடுக்க முடியாது. ஆனா உசுரு இருக்கிற வரைக்கும் உங்க வாய் உங்களுது. யாரையும் கிட்ட விட மாட்டேன்."

"உன் புருசன் வந்தா?"

"அவரையுந்தான்."

எனக்குப் போதும். என்னைத் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்கிறவள், அவளை நம்பலாம். அவளுக்கு அது எத்தனை பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும், அதைச் சுமக்கிறேன் என்கிறாள். நீ எதையும் சுமக்க மாட்டாய். உனக்கு எல்லாம் ஒன்று.

இதை ஊரறிய எழுதுவதற்குக் காரணம் அதுதான். அவள் கதவை மறித்துக்கொண்டு நிற்கும்போது, மாமியாரைத் தண்ணீர் கொடுக்காமல் கொன்றாள் என்று ஒருவர் சொல்லக் கூடாது. சொன்னது நான். கேட்டு வாங்கியது நான். உன் மகளிடமும் இதைப் படித்துக் காட்டு. தாத்தா குடித்தாரா என்று கேட்டாளே, குடிக்கவில்லை, நாங்கள்தான் வாயில் விட்டோம் என்று உன் வாயால் சொல். அந்த ஒரு வாக்கியம் சொல்ல உனக்கு மைக் வேண்டாம்.

சேதி வந்தால் வராமல் இருந்துவிடாதே. நீ என் பிள்ளை, கொள்ளி உன் கையால்தான். வா, வந்து வாசலில் நில். துக்கம் கேட்க வருகிறவர்களிடம் எல்லாம் ஒன்று என்று சொல்வதானால் சொல், கேட்பதற்கு நான் இருக்க மாட்டேன். மூச்சு நிற்கிற வரைக்கும் உள்ளே மட்டும் வராதே.

அம்மா